முதலில் எரிந்த வீடு

அம்போன் நகரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் மேட்டுத்தெரு கிறிஸ்தவர்களுடையது. கடலோரத் தெருவில் பூத்தோன் தீவிலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம்கள் இருந்தார்கள். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவர்கள் மீன் விற்றார்கள், ரிக்‌ஷா மிதித்தார்கள்.

என் ஒன்றுவிட்ட அண்ணன் மார்த்தென் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அவன் அப்பாவும் அங்கேதான் இருந்தார். அவர் நிரந்தரம், இவன் கடைசிவரை தற்காலிகம். வேலை முடிந்து வரும்போது கடலோரத் தெரு மீன்காரி வா இனாவிடம் தினமும் சுட்ட சூரைமீன் வாங்குவான். வீட்டில் தின்ன ஆளில்லாமல் மீன் நாய்க்குப் போகும். மறுநாளும் வாங்குவான். அவன் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மீன்கூடை தூக்குறவ இந்த வீட்டுக்குள்ள வந்தா, உங்கப்பா படத்தை நான் எந்தச் சுவத்துல மாட்டுறது?"

மதத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை. மார்த்தென் அடங்கிப்போனான். வா இனாவிடம் மீன் விலையைத் தவிர வேறெதுவும் அவன் பேசியதில்லை. அவள் ரிக்‌ஷாக்கார லா துனியைக் கட்டிக்கொண்டாள். லா துனி கெட்டிக்காரன். சில வருஷத்தில் வேன் வாங்கினான், கல்வீடு கட்டினான். அந்த வேனில்தான் மார்த்தென் ஆபீசுக்குப் போகவேண்டியிருந்தது. ஊர்க்காரன் என்று லா துனி அவனுக்கு முன்சீட்டு கொடுப்பான். அந்த மரியாதைதான் மார்த்தெனை எரித்தது.

நகரத்தில் மதக்கலவரம் மூண்டபோது, தலையில் சிவப்புத் துணி கட்டிய கிறிஸ்தவக் கூட்டம் எங்கள் ஊருக்கும் வந்தது. கடலோரத்துக்காரர்கள் நம் ஆட்கள், தொடக்கூடாது என்று ஊர்த்தலைவர் அந்தத் தெருமுனையில் குறுக்கே நின்றார். கூட்டம் தயங்கியது. திரும்பிப் போயிருக்கும்.

"லா துனி வீட்டுல கத்தி இறக்கி வெச்சிருக்காங்க," என்றான் மார்த்தென். "நான் பாத்தேன்."

அவன் எதையும் பார்க்கவில்லை. அந்த வீடு முதலில் எரிந்தது, பிறகு தெரு முழுதும். ஜனங்கள் படகேறித் தப்பினார்கள். அகதி முகாமில் காய்ச்சல் கண்டு லா துனி செத்துப்போனான்.

ஊரைக் காப்பாற்றியவன் என்று மார்த்தெனைச் சபை மூப்பராக்கினார்கள். ஜெபிக்க எழுந்தால் பாதியிலேயே ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடுவான். உருக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

சமாதானம் வந்த பிறகு, கடலோரத்துக்காரர்களைத் திரும்ப அழைக்க ஒரு கூட்டம் போட்டார்கள். வா இனா வந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் அவள் தன் வீடு இருந்த இடத்தைப் பார்க்கப் போனாள். மார்த்தென் பின்னாலேயே போய், கத்தி இருக்கிறதென்று சொன்னது தான்தான் என்றான்.

"தெரியும். எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடிதான நின்னேன். தினமும் மீன் விலை கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? எதுக்குன்னுதான் புரியல. சாமிக்காகன்னு நெனச்சுக்கிட்டேன்."

சாமிக்காக இல்லை என்றான். தலை நிமிராமல், நாய்க்குப் போட்ட மீனையும் வேனின் முன்சீட்டையும் சொன்னான்.

"இதுக்கா?" என்றாள் வா இனா.

அன்றே படகேறிப் போனவள் திரும்பி வரவேயில்லை.

மார்த்தென் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, சபையில் அறிவிக்கக் கேட்டான். இப்போதுதான் ஊர் அடங்கியிருக்கிறது, கிளறவேண்டாம் என்றார் அவர். மார்த்தென் எங்களிடமும் சொன்னான். நாங்களும் அதையேதான் சொன்னோம். மதச்சண்டை என்று சொல்லிக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அவன் இன்னமும் மூப்பர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அவனுக்கு எழுந்து வழிவிடுகிறோம். அவன் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, நாங்களும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.