டயர் தேயும்வரை

கல்யாணமாகி பம்பாய் மாதுங்காவுக்கு வந்த புதிதில் என் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மோட்டார் சைக்கிள் பந்தயத்தை விட்டுவிட வேண்டும். வாரமெல்லாம் ஆபீஸில் டைப் அடிக்கிற குமாஸ்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கே இன்றுவரை புரியவில்லை, அவளைச் சொல்லி என்ன? கூட ஓட்டிய ஒருவன் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவள் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. அழுகையை நிறுத்த நான் ஒரு வாக்குக் கொடுத்தேன்.

"பின் டயர் தேயற வரைக்கும்தான். தேஞ்சுடுத்துன்னா பந்தயத்துக்குத் தலைமுழுக்கு."

அறுபதுகளில் புது டயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. கடையில் கேட்டால் கையை விரிப்பார்கள். அது அவளுக்கும் தெரிந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொரு பந்தயம் முடிந்து நான் திரும்பியதும் வாசலுக்கு வந்து, டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்ப்பாள். நகம் முங்குவது குறையக் குறைய அவள் முகம் தெளியும். நான் முழுசாக வந்து சேர்ந்ததைவிட ரப்பர் தேய்ந்ததில்தான் உனக்குச் சந்தோஷமா என்று எரிந்து விழுவேன். "ரெண்டும் ஒண்ணுதான்னா" என்பாள்.

டயரும் அநியாயத்துக்குத் தேய்ந்தது. சீராகக்கூட இல்லை, எலி கடித்த மாதிரி அங்கங்கே குழி. இந்தப் போக்கில் போனால் வருஷக் கடைசியில் வரும் பெரிய பந்தயத்துக்குத் தாங்காது. தாராவியில் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிக்கார பாயிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் சீட்டை ஒரு அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தார். வண்டி தூளி மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

"என்னவே ஐயரே, டயரு மேல எதுக்குப் பழியப் போடுதீரு? ஷாக் அப்சார்பர் செத்துல்லா கெடக்கு. சக்கரம் தரையில நிக்காம குதிச்சுக் குதிச்சு ஓடுது. வந்து விழுதப்பல்லாம் ரப்பரப் பிச்சுக்கிட்டுப் போவுது."

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் ஆயில் கசிந்து வறண்டிருந்தது. ஆயில் கசியாமல் அடைக்கிற சீல் பம்பாய் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. பாய் அசரவில்லை. பக்கத்துப் பட்டறையில் துண்டுத் தோல் வாங்கி, வளையமாக நறுக்கி, எண்ணெயில் ஊறப்போட்டு அதையே சீலாக்கினார். பின்னால் இருந்த இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் பிரித்துக் கழுவி, கெட்டி ஆயில் ஊற்றி, ஸ்பிரிங்கை என் எடைக்குத் தக்கபடி இறுக்கினார். "இனிமே உம்ம டயருக்கு ஆயுசு கெட்டி, போம்" என்று தனக்குத்தானே ஷாபாஷ் போட்டுக்கொண்டார். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வாக்கை நான் மீறவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடிக்கொண்டே வீடு வந்தேன்.

பந்தயம் நடப்பது கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன விமான ஓடுதளத்தில், டிரம் வைத்து வளைத்துவிட்ட பாதையில். அடுத்த தடவை அங்கே போனபோது வண்டி வேறு வண்டியாகிவிட்டது. சக்கரம் தரையை விடவில்லை. பயந்து பயந்து திரும்பிய வளைவுகளில் முறுக்கிக்கொண்டே போனேன். அதுவரை அவ்வளவு வேகம் நான் போனதில்லை.

வீட்டு வாசலில் அவள் நகத்தை வைத்துப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் வைத்தாள். விஷயம் அம்பலமாகப்போகிறது, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"தேயவே இல்லையேன்னா! எனக்காக மெதுவா ஓட்டினேளா?"

படுபாவி, நான் தலையை ஆட்டினேன்.

அன்று சேமியா பாயசம் வைத்தாள். ஒரு வாய் இறங்கவில்லை எனக்கு. மாடியில், எதிர்வீட்டில், கோயில் வரிசையில் என்று பார்த்தவர்களிடமெல்லாம், "எங்காத்துக்காரர் இப்போல்லாம் மெதுவாத்தான் ஓட்டறார்" என்று பெருமை வேறு. கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். பெரிய பந்தயம் முடியட்டும் என்று மூடிக்கொள்வேன். அந்தப் பந்தயம் நெருங்கியதும் அவளே ஆரம்பித்தாள்.

"மெதுவாத்தானே போறேள். என்ன பயம்? நானும் வந்து பாக்கறேன்."

வெயில் என்றேன், கூட்டம் என்றேன். கேட்கவில்லை. தயிர்சாதம் கட்டிக்கொண்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கயிற்றுக்கு அந்தப்பக்கம் அவளை நிறுத்திவிட்டு, இன்று நிஜமாகவே மெதுவாக ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு சுற்று அப்படித்தான் போனேன். அவள் கையசைத்தாள். இரண்டு பேர் என்னை முந்தினார்கள். கை தானாக முறுக்கியது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நான்தான் முறுக்கினேன். அவள் நின்ற வளைவிலேயே, கால்வைக்கும் கம்பி சிமெண்டில் உரசிப் பொறி பறக்க, இரண்டு பேரையும் முந்தினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பந்தயம் முடிந்து வந்தபோது அவள் கயிற்றருகில் இல்லை. வெளியே பஸ் நிறுத்தத்தில், பிரிக்காத சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"எல்லார்கிட்டயும் சொல்லிண்டு திரிஞ்சேனே" என்றாள். அவ்வளவுதான்.

"ஏறிக்கோ. போற வழியில எல்லாம் சொல்றேன்."

"நீங்க போங்கோ. நான் பஸ்ல வரேன்."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் அது நிற்க நானும் நின்றேன். பாந்த்ரா தாண்டியதும் கண்டக்டர் தலையை நீட்டி, "அரே பாய், ஆகே ஜாவ் நா!" என்று முன்னால் போகச் சொல்லிக் கத்தினான். ரோடு காலியாகத்தான் கிடந்தது. ஜன்னலோரம் இருந்தவள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று மாதுங்கா வரைக்கும் அந்தப் புகையிலேயே ஊர்ந்து வந்தேன்.