எங்கள் வாசலில் லெவல் இறங்கவில்லை

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கினேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், அது ஒரு காரணம். பெரிய காரணம், நான் சொல்லப்போகிற ஆள் எங்கள் சபையைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஒரே கூரையின் கீழ் முழங்கால் போடுகிறோம், ஒரே பாத்திரத்திலிருந்து இராப்போஜனம் எடுக்கிறோம். அவரைப் பற்றி வெளியில் எழுதினால் சபையின் மானம் போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு பயமும் இருந்தது. அற்புதம் என்று ஊரே சொல்வதை இல்லை என்று நான் சொன்னால், விசுவாசம் இல்லாதவள் என்ற பெயர் வரும். வந்தால் வரட்டும். போன மழையில் கேள்விப்பட்ட ஒரு விஷயத்துக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வீடு தங்கச் சுரங்கம் இருந்த ஊரில், ஆண்டர்சன்பேட்டைப் பக்கம். என் வீட்டுக்காரர் விடியுமுன் ரயில் பிடித்து பெங்களூருக்குப் போய் வந்து, அந்தச் சம்பளத்தில் கட்டிய வீடு. அவருடைய மூத்த அக்கா எங்களோடுதான் இருக்கிறார். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குழந்தையிலேயே போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போனது. இரும்புக் காலிபர் மாட்டி, கைத்தடி ஊன்றி, தானாக நடப்பார். பஜாரில் ஒரு துணிக்கடை ஓரத்தில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். யாராவது கையைப் பிடித்து உதவ வந்தால் பிடிக்காது. "நான் இன்னா பாத்திரமா, புடிச்சு எறக்கி வெக்க?" என்று கேட்டுவிடுவார். காலையில் கதவைத் திறந்து, வாசலைக் கடந்து, கேட்டைத் தள்ளி, ஷேர் ஆட்டோவை அவரே கை காட்டி நிறுத்த வேண்டும். அவர் உயிர் அதில்தான் இருந்தது.

மழைக்காலத்தில் வாசல் சேறாகி அக்காவின் தடி புதைகிறது என்றுதான் வீட்டைச் சுற்றி கான்கிரீட் போட்டோம். சபையிலேயே ஒரு காண்ட்ராக்டர் இருக்கும்போது வெளியாளைத் தேடுவானேன் என்று அவரிடமே கொடுத்தோம். வேலை தொடங்கும்முன் நின்று ஜெபம் பண்ணினார். அழகாகத்தான் பண்ணினார். பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தளம் போட்டார். தண்ணீர் கேட்டுப் பக்கம் ஓடும்படி வாட்டம் வைத்தார். பார்க்க நன்றாக இருந்தது.

அடுத்த மழைக்கே வாசலுக்கு நேராக இருந்த பாத்தி உட்கார ஆரம்பித்தது. முதலில் ஒரு மூலை, பிறகு சுவர் ஓரம் முழுவதும். வாட்டம் தலைகீழாகி, தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தேடி வந்து நின்றது. இரண்டு பாத்திகள் சேரும் இடத்தில் ஒரு உதடு மாதிரி விளிம்பு எழும்பிவிட்டது. ஒரு காலை அதில்தான் அக்காவின் காலிபர் தட்டியது. முகம் குப்புற விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. தடி பிடிக்கிற கை.

அவர் கட்டுப்போட்டு வீடு வந்த பிறகு காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். மேஸ்திரிமார் வைத்திருப்பார்களே, நடுவில் குமிழி ஓடும் கட்டை, ரசமட்டம், அதைத் தளத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, ரோட்டில் நின்ற தன் ஆளிடம் சத்தமாகச் சொன்னார்: "லெவல் எறங்கிடுச்சுப்பா, நல்லாவே எறங்கிடுச்சு."

அவர் சொன்னது மட்டம் இறங்கியதைத்தான். வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் ஊரில் லெவல் என்றால் ஒன்றுதான். பூமிக்குள் கூண்டில் இறங்கிப் போய், பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போன சுரங்கப் பாதை. எங்கள் அப்பாமார் எந்த லெவலில் வேலை செய்தார்கள் என்பது எங்களுக்கு வீட்டு விலாசம் மாதிரி. சுரங்கம் மூடிப் பல வருடமாகியும் அந்த வார்த்தை மட்டும் மூடவில்லை.

எதிர்வீட்டு அம்மா அப்போது தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா ஒரு ஷிப்டுக்குப் போய், லெவலில் பாறை சரிந்து, திரும்பி வராதவர். அந்த அம்மா காதில் 'லெவல் இறங்கிடுச்சு' என்று விழுந்தால் என்ன புரியும்? குடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம், எங்கள் வீட்டுக்குக் கீழே லெவல் உட்கார்ந்துவிட்டது, வீடு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று ஆகிவிட்டது. அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயந்தவர் பயத்தைச் சொன்னார்.

என் கோபம் எல்லாம் காண்ட்ராக்டர் மேல். இல்லை, நான் சொன்னது மட்டத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் அதைச் சொல்லவில்லை. அந்த வதந்தியையே எடுத்து மேலே போர்த்திக்கொண்டார். உட்கார்ந்ததைச் சரிபண்ணிக் கொடுங்கள் என்று என் வீட்டுக்காரர் போய்க் கேட்டபோது, கீழே சுரங்கம் இருக்கிற ஊரில் கான்கிரீட்டுக்கு யார் பொறுப்பு சொல்வது என்றாராம். நம்பாமல் நானே போனேன். என்னிடமும் அதையே சொன்னார்.

"கீழ லெவலே உக்காந்துட்டா மேல நான் இன்னா சிஸ்டர் பண்றது? கர்த்தர் சித்தம். அக்காவ உள்ளயே பத்திரமா வெச்சுக்குங்க, ஜெபத்துல நாங்க தாங்குறோம்."

இதைக் கேட்டபோது என் உடம்பெல்லாம் எரிந்தது. கர்த்தர் சித்தமா? என் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் கிடையாது. பக்கத்து வீட்டுச் சுவரில் கிடையாது. தெருவில் கிடையாது. அத்தனை அடி ஆழத்தில் இருக்கிற லெவல் உட்கார்ந்தால், தெருவையெல்லாம் விட்டுவிட்டு என் வாசலில் நாலடிச் சதுரத்தை மட்டும் தேடி வந்து உட்காருமா? எனக்குப் படிப்பு கம்மி, புத்தி கம்மி இல்லை. ஆனால் அவரிடம் அப்போது, சரிங்க பிரதர் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை வந்தபோது வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பால்காரர் கேட்டுக்கு வெளியே நின்று பாத்திரத்தை நீட்டச் சொன்னார். சபையில், பூமி இறங்குகிற அந்தக் குடும்பத்துக்காக என்று பாஸ்டர் ஐயா ஜெபித்தபோது எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சாகப்போகிறவர்களைப் பார்க்கிற பார்வை. அவர்கள் அன்பில்தான் செய்தார்கள். ஆனால் ஒருவராவது ஒரு கடப்பாறையோடு வந்து, கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்று சொல்லவில்லை.

அக்கா வீட்டுக்குள்ளேயே அடைந்தார். கை கூடிய பிறகும், அந்த விளிம்பைத் தாண்ட என் வீட்டுக்காரர் விடவில்லை. துணிக்கடைக்காரர், வர முடியாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குத் தரட்டுமா என்று மரியாதையாகக் கேட்டு அனுப்பினார். அக்கா ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் பேச்சு குறைந்தது. கிண்டல் நின்றது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, லெவல் இல்லை.

ஒரு நாள் நல்ல மழை. நான் அடுப்படியில் இருந்தேன். அக்கா கூப்பிட்டார். போய் நின்றேன்.

"ஏம்மா, அந்தத் தண்ணி இன்னா கலர்ல போவுது பாரு."

கான்கிரீட்டுக்கு அடியிலிருந்து, கேட்டுப் பக்கத்துக் கால்வாய்க்கு ஒரு கோடு மாதிரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எங்கள் தெரு மண் செம்மண். வந்தது வெளிறிய சாம்பல் நிறம், மாவு கரைத்த மாதிரி. ஒவ்வொரு மழைக்கும் அப்படித்தான் போகிறது, நாலைந்து தடவையாகப் பார்க்கிறேன் என்றார் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்து, எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வாய் கோணச் சிரித்தார்.

"நம்ம ஊட்டுக்குள்ள ஏதும்மா சைனைடு மேடு?"

எங்கள் ஊரில் அந்த நிறம் தெரியாதவர் கிடையாது. சைனைடு போட்டுத் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவுத் தூள், மலை மலையாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடிக்கும் மாதத்தில் பறந்து வந்து கண்ணிலும் தொண்டையிலும் அப்புகிறது. காசில்லாமல் கிடைக்கிறதென்று சிலர் டிராக்டரில் அள்ளி வந்து அஸ்திவாரத்திலும் தளத்துக்கு அடியிலும் கொட்டுவார்கள். காய்ந்திருக்கும்போது கல்லு மாதிரி இறுகி நிற்கும். தண்ணீர் பட்டால் கஞ்சி. எங்கள் வீட்டு மொட்டைமாடிக் குழாய் சரியாக அந்தப் பாத்தி ஓரத்தில்தான் வந்து கொட்டுகிறது.

என் வீட்டுக்காரர் பங்காருபேட்டையிலிருந்து, உட்கார்ந்த தளத்தைத் தூக்கி நிறுத்துகிற ஆட்களைக் கூட்டி வந்தார். ஒரு சனிக்கிழமை வேலை. சுவரோடு ஒட்டிய இடத்தை மெஷின் வைத்து அறுத்துப் பிரித்தார்கள். விளிம்பில் குழி தோண்டி, இரண்டு பக்கமும் லாரி ஜாக்கியைக் கொடுத்து, மாற்றி மாற்றித் திருகினார்கள். எழும்ப எழும்பச் செங்கல் வைத்து முட்டுக் கொடுத்தார்கள். கான்கிரீட் ஒரு மாதிரி முனகிக்கொண்டு பெட்டி மூடி போல உயர்ந்தது. தெருவே கேட்டுக்கு வெளியில் நின்றது. உள்ளே வர ஒருவரும் இல்லை. அக்கா மட்டும் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே போகச் சொன்னோம், போகவில்லை.

அடியில் ஒரு கோழிக்கூடு வைக்கிற அளவுக்குப் பள்ளம். பள்ளத்தைச் சுற்றி அதே சாம்பல் தூள், நனைந்து ஓரங்களில் அப்பிக் கிடந்தது. ஒரு பிடி ஜல்லி இல்லை. தூளுக்குக் கீழே எங்கள் செம்மண், கடப்பாறை போட்டால் ணங்கென்று சொல்கிற கெட்டி மண். அதற்குக் கீழே கர்த்தர் வைத்த பூமி அப்படியே இருந்தது. அவர் ஒன்றும் அசைக்கவில்லை.

எதிர்வீட்டு அம்மா முதலில் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். செம்மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன பயமுறுத்தணும்னு சொல்லலம்மா, எனக்குத்தான் பயம்" என்றார். இரண்டு பேரும் அழுதோம்.

தூளையெல்லாம் வாரி எடுத்துவிட்டு, ஜல்லியும் கிரஷர் பவுடரும் கலந்து கொட்டி, நனைத்து, திம்மிசு போட்டு இடித்து இறுக்கினார்கள். பிறகு ஜாக்கியை மெதுவாகத் தளர்த்தித் தளத்தை இறக்கி, ரசமட்டம் வைத்து, வாட்டம் மறுபடி கேட்டுப் பக்கம் திரும்பும்வரை சரிபார்த்தார்கள். மாடிக் குழாயையும் நேராகக் கால்வாய்க்கு இழுத்துவிட்டார்கள்.

காண்ட்ராக்டர் அன்றைக்கே செய்தி கேட்டு வந்தார். ஓரமாகக் குவித்திருந்த தூளைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். ஊரில் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள், மழை அதிகம், அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றார். கிளம்பும்போது, எங்கள் ஜெபம் வீண் போகவில்லை பாருங்கள், லெவல் அப்படியே நின்றுவிட்டது என்றார். அக்காவைப் பார்த்தே சொன்னார்.

அது வெறும் பேச்சு என்று விட்டுவிட்டோம். ஆனால் அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் எழுந்து, இறங்கிக்கொண்டிருந்த லெவலைச் சபையின் ஜெபம் தாங்கி நிறுத்தியதாகச் சொன்னார். சபை அல்லேலூயா சொன்னது. அக்கா தடியை ஊன்றி எழுந்தார். அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து தானாக நடந்து வந்திருந்தார்.

"கீழ லெவலு ஒண்ணும் எறங்கல. சைனைடு மண்ணப் போட்டிருந்தாங்க, கரைஞ்சு போச்சு. இப்ப கல்லு போட்டு இடிச்சோம், நிக்குது. நான் நடந்து வந்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டார். சபை ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தது. பாஸ்டர் ஐயா பாட்டு எண் சொன்னார்.

அவ்வளவுதான். ஆனால் ஊரில் நின்றது காண்ட்ராக்டர் கதைதான், எங்கள் கதை இல்லை. அற்புதம் என்றால் சொல்ல இனிப்பாக இருக்கிறது. திம்மிசு என்றால் யாருக்கு வேண்டும்? சண்டை வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். அக்கா தினமும் பஜாருக்குப் போய் வருகிறார், அது போதும் என்று இருந்தேன்.

போன மழையில், அதே ஆள் வேலை செய்த இன்னொரு வீட்டில், ராபர்ட்சன்பேட்டைப் பக்கம், ஒரு விதவைத் தாயின் பின்வாசல் உட்கார்ந்ததாம். லெவல் இறங்குகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாய் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்கே போய்விட்டார், பயத்தில் தூக்கம் இல்லை என்றார்கள். எங்கள் வீட்டை உதாரணம் காட்டி, ஜெபம் பண்ணினால் நிற்கும் என்று ஆறுதல் சொன்னார்களாம். இதைக் கேட்டு அக்காதான் சொன்னார், எழுதிவிடு என்று. மறுநாளே இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து, அந்தத் தாயை மகள் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அக்கா பின்வாசல் தளத்தைத் தடியால் தட்டினார். உள்ளே காலியாக ஒலித்தது. ஓரத்தில் விரலை விட்டு எடுத்தார். அதே சாம்பல்.

கர்த்தரை நான் முழு மனசோடு நம்புகிறேன். அதனால்தான் சொல்கிறேன், மனுஷன் வைத்த பள்ளத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். இதைப் படிக்கிறவர்கள், யார் வீட்டிலாவது தளம் உட்கார்ந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், அலங்கரிக்கவும் வேண்டாம். முக்கியமாக, லெவல் என்று சொல்லாதீர்கள். மட்டம் என்று சொல்லுங்கள்.