யானைக்கு மணக்காமல் மூடிய அறை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்தில், மாரி வெள்ளாமை நெல் வெட்டி முடிந்த கையோடு நடந்தது இது. இடம், கரடியனாற்றிலிருந்து உள்ளே போகும் கிரவல் பாதையின் முடிவில் இருக்கும் என் அக்காவின் வீடு. எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

முதலில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. நான் இரசாயனவியல் படித்துவிட்டு, வாவிக்கரையோரம் உள்ள ஒரு தனியார் நெற்களஞ்சியத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நெல்லின் ஈரப்பதன் பார்ப்பது, பதர், கல், வண்டு பார்ப்பது, களஞ்சியத்துக்குப் புகையூட்டும்போது கூட நிற்பது எல்லாம் என் பொறுப்பு.

புகையூட்டுவது என்று சொன்னாலும் அதில் புகை எதுவும் வராது. காற்றுப் புகாத தகரங்களில், மாத்திரை போன்ற சாம்பல் நிறக் குளிசைகள் வரும். அலுமினியமும் பொஸ்பரசும் சேர்ந்த சேர்வை அது. காய்ந்திருக்கும்வரை கல்லைப்போலக் கிடக்கும். தகரத்தைத் திறந்து காற்றின் ஈரம் பட்டதும் உடையத் தொடங்கும். பொஸ்பீன் என்ற வாயு வெளியேறும், கடைசியில் ஒரு பிடி சாம்பல் மிஞ்சும். அந்த வாயு மூடையின் நடுவரைக்கும் போகும், ஒரு நெல்மணிக்குள் இருக்கும் வண்டின் முட்டைவரைக்கும் போகும். பிறகு காற்றோட்டம் கொடுத்தால் தானியத்தைவிட்டுப் போய்விடும். கப்பல்களில், ஆலைகளில், புகையிலைக் களஞ்சியங்களில் எல்லாம் இதைத்தான் வைக்கிறார்கள். இதே வாயுவை நன்றாகத் தூய்மையாக்கி, கைத்தொலைபேசிக்குள் இருக்கும் சில்லுகள் செய்யும் தொழிற்சாலைகளிலும் பாவிக்கிறார்கள். படிக்கும் காலத்தில், இவ்வளவு துப்புரவாக வேலை செய்யும் பொருள் வேறு இல்லை என்று வியந்திருக்கிறேன்.

ஆனால் வண்டின் மூச்சுக்கும் மனிதரின் மூச்சுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மாற்று மருந்தும் கிடையாது. அதனால் எங்கள் களஞ்சியத்தில் முகமூடி, வாயு அளக்கும் கருவி, பூட்டு, எச்சரிக்கைப் பலகை எல்லாம் இருக்கும். திறந்து காற்றாடவிட்டு அளந்து பார்க்காமல் யாரையும் உள்ளே விடமாட்டோம். ஊருக்குள் அதே குளிசைக்கு நெல்லுக் குளிசை என்று பெயர். எங்கிருந்தோ கை மாறி, பொலித்தீன் துண்டில் சுற்றி வந்து சேரும்.

அன்று காலை நான் வேலைக்கு வந்து சேர்ந்த நேரம் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"நீ ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்த கருவாடு பழுது, புள்ள. இராமுழுக்க ஒரே நாத்தம். எழும்பிப் போய் வெளிய எறிஞ்சுபோட்டுத்தான் மறுகா படுத்தன். இப்ப சத்தியும் தலையிடியும். உன்ர முகத்தைப் பாத்தே ஏமாத்தியிருக்கான் அந்தக் கடைக்காரன்."

"நல்லாச் சாப்பிட்டுப்போட்டு என்னில பழி போடுறாய்" என்றேன்.

"வாயில வைக்கவே இல்லகா. மணந்ததுக்கே இந்தப் பாடு."

சாப்பிடவில்லை என்ற சொல்லோடு என் சிரிப்பு நின்றுவிட்டது. மீன் அழுகிய மாதிரி மணம், வாந்தி, தலையிடி. இந்த மூன்றையும் ஒன்றாக எங்கள் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நெல் எங்கே கிடக்கிறது என்று கேட்டேன்.

"உள்ளறைக்குள்ளதான். உன்ர அத்தான் ஆனைக்குப் பயந்து ஊரில உள்ள பொலித்தீன் முழுக்க யன்னலில ஒட்டி வச்சிருக்கார். போதாததுக்கு மூடைக்கு மூடை குளிசையும் வச்சிருக்கு. அந்த நாத்தத்தில ஆனைக்கு நெல்லு மணக்காதாம். அதுக்குள்ள நாங்கதான் சாகோணும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதினமில்லை. அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்ததும் காட்டு யானையும் வரும். மணம் பிடித்து வந்து, நெல் இருக்கும் சுவரைப் பார்த்து இடிக்கும். முந்திய வருடம் அக்காவின் குசினிச் சுவரை இடித்து, வைத்திருந்த நெல்லைத் தின்றுவிட்டுப் போனது. அதனால் அந்த முறை அத்தான், சாப்பாட்டு நெல்லையும் விதைநெல்லையும் வீட்டின் நடு அறையில் அடுக்கி, தறப்பாளால் மூடி, யன்னல் நிலை, கதவுச் சந்து எல்லாவற்றையும் அடைத்தார். மணம் வெளியே போகக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம். குளிசை வைத்தால் பூச்சியும் சாகும், யானையும் திசைமாறும் என்று யாரோ வயல் வட்டைக்குள் பேசிக்கொண்டதை நம்பினார். வெளியே போக வழியில்லாத வாயு, கூரைவரை எழும்பாத நடுச்சுவருக்கு மேலால் அக்கா படுத்திருந்த பக்கம் இறங்கியது. அந்த இரவு தூறல் வேறு, ஈரத்தில் குளிசை இன்னும் வேகமாக உடைந்திருக்கும். அத்தான் காவல் பரணில் வெடியோடு இருந்தார். வெளியே படுக்காதே, உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனவரும் அவர்தான். அன்றிரவு யானை வரவேயில்லை.

போனில் நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இப்போதே வெளியே நட. முற்றத்துக்கு அப்பால் போய் இரு. எதற்காகவும் திரும்ப உள்ளே போகாதே. அத்தானைக் கூப்பிடு, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வா. ஓம், ஓம் என்றாள். ஆனால் போனை வைத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் ஓட்டோவில் ஏறியிருக்கிறாள். வீட்டு உடுப்போடு நகரத்துக்கு வருகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

நான் அவர்களுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் நின்றேன். அத்தானை வெளியே நிறுத்தி அக்காவை உள்ளே எடுத்ததும், கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று குளிசையின் பெயரை டொக்டரிடம் சொன்னேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு, "இதுக்கு மாத்து மருந்து இல்ல, உங்களுக்குத் தெரியும்தானே. இதயம் தாங்கினாச் சரி. அதுக்குச் செய்யக்கூடிய எல்லாத்தையும் செய்யிறம்" என்றார். செய்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

அத்தானுக்கு அப்போது எதுவும் தெரியாது. அவரும் கருவாடு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். வார்டுக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டு, "மச்சாள், நீ படிச்சனிதானே. என்ன மருந்தெண்டு சொல்லு, கொழும்பில எண்டாலும் ஆளை விட்டு எடுப்பிப்பம்" என்றார். பார்க்கிறார்கள் அத்தான் என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. அக்கா தப்பிவிட்டால் ஒருநாளும் சொல்லத் தேவையிருக்காது என்று நினைத்தேன்.

பத்து மணிபோல அவருடைய போன் அடித்தது. அடுத்த வளவில் இருக்கும் மாமி. சத்தமாகப் பேசுகிறவர் என்பதால் எனக்கும் கேட்டது.

"தம்பி, வீடெல்லாம் சத்தி. அவள் வரக்குள்ள துப்புரவாக் கிடக்கட்டும். நானும் மகளும் தண்ணி ஊத்திக் கழுவி விடுறம். அந்த அறையையும் திறந்து கழுவட்டா?"

அந்த அறைக்குள் இன்னும் உடைந்து முடியாத குளிசைகள் கிடந்தன. தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்பதை யோசிக்க எனக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. அத்தான் இல்லாத இடத்துக்குப் போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் மாமி வாளியைத் தூக்கிவிட்டால்? போனை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"மாமி, வாசல்படியிலயும் கால் வைக்காதீங்க. தண்ணி ஊத்தவே வேணாம். நெல்லுக்கு வச்ச குளிசையில இருந்து வாற காத்துதான் அக்காவை இப்பிடி ஆக்கினது. தண்ணி பட்டா இன்னும் கூட வரும். மகளையும் கூட்டிக்கொண்டு தூரப் போங்க."

மாமி ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே திரும்பினேன். அத்தான் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் குந்தியிருந்தார். "ஆனைக்கு மணக்கப்படாதெண்டுதானே வச்சன்" என்றார்.

எங்கள் களஞ்சியத்தில் இருந்து முகமூடியோடு இரண்டு பேரை அனுப்பி அந்த அறையைத் திறப்பித்தேன். மாமிக்கும் மகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின்னேரம் அக்காவைப் பார்க்க விட்டார்கள். இந்த நஞ்சின் கொடுமைகளில் ஒன்று, கடைசிவரை நினைவு தெளிவாக இருப்பது. கை குளிர்ந்துபோய் இருந்தது, நாடி பிடிபடவில்லை, ஆனால் கண்ணும் பேச்சும் அவளுடையவைதான்.

"உன்ர கருவாட்டுக் கடைக்காரனைப் பேசிப்போட்டன், பாவம்" என்றாள். நான் தலையாட்டினேன். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீ டொக்டரோட கதைச்சது கேட்டது புள்ள. குளிசைதானே?" என்றாள்.

நான் போர்வையை இழுத்து அவள் கையை மூடினேன்.

"அவருக்குச் சொல்லிப்போடாத. தாங்கமாட்டார். கருவாடு எண்டே இருக்கட்டும்."

"சொல்லமாட்டன்" என்றேன். அவர் அந்த நேரம் எல்லாம் தெரிந்துகொண்டு வெளியே தரையில் இருந்தார். உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டேன், இரண்டு முறை கூப்பிட்டேன். அவரால் எழும்ப முடியவில்லை.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அக்காவின் இதயம் நின்றது. திரும்ப இயக்கப் பார்த்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று, அடுத்தது என்ன செய்வார்கள், அது ஏன் பலிக்காது என்று ஒவ்வொன்றாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னால் அதை நிறுத்த முடியவில்லை.

அத்தான் இப்போது நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. வெட்டுகிற இடத்திலேயே கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த வீட்டில் தனியாக, எல்லா யன்னலையும் திறந்துபோட்டுக்கொண்டு இருக்கிறார். நான் போகும்போதெல்லாம், தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்: "என்னாலதான் எண்டு அவளுக்குத் தெரியுமா, மச்சாள்?"

"தெரியாது அத்தான். கருவாடு எண்டுதான் நினைச்சவ" என்பேன். அவர் பத்திரிகை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்த எதுவும் அவர்கள் இருவருக்கும் உதவவில்லை. என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது ஒரு பொய், அவருக்குக் கொடுக்க முடிந்தது இன்னொரு பொய், அவருடையதை இன்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.