சத்து ஊசி என்றார்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. தவழ ஆரம்பித்திருந்தது.

இருமல் வந்தது. நிற்கவில்லை. உடம்பு இளைத்தது. அண்ணன் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் என்னைப் பார்த்து முடித்ததும் அண்ணன் மட்டும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "ரத்தம் சுண்டிப்போச்சாம்டா. சத்து ஊசி போடணுமாம். தெனம் வந்து போட்டுகினு போ" என்றார். எனக்குப் படிப்பு கிடையாது. அண்ணன் சொன்னால் சரி. போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீடு மாறிப்போனது. என் தட்டு தனி, டம்ளர் தனி, பாயும் தனி. குழந்தையைத் தூக்கப் போனால் மனைவி வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன், வீட்டில் ஆள் இல்லை. குழந்தையோடு ஊத்துக்கோட்டைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மில்லில் ஒருவன், "இன்னாபா, ஊட்டுக்காரி உன்ன தள்ளி வெச்சிட்டாளாமே?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நம்பினேன். அண்ணன், "கொஞ்ச நாளு உட்டுப் புடிடா" என்றார். கேட்கவில்லை. நாலு பெரியவர்களை வைத்து உறவைத் தீர்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது என்று பஸ் ஏறினேன்.

பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

"கோழி திருடி மாட்டிகினவன் மாதிரி இன்னாத்துக்கு நைனா மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற?"

 இருமினேன். ஊசி போடுகிறாயா என்று கேட்டார். சத்து ஊசி என்றேன்.

"தெனமுமா? காதுல வண்டு கத்துதா?"

கத்தியது உண்மை. யாரிடமும் நான் சொன்னதில்லை. விழித்தேன்.

"அது சத்து ஊசி இல்ல நைனா. டி.பி. நானும் போட்டுகினேன். அந்த ஊசியால காது பாதி பூட்ச்சி, உசுரு கீது. நடுவுல உட்டுடாத. புள்ளகுட்டி இருந்தா கொஞ்ச நாளு கிட்ட சேக்காத."

காது மந்தம் என்பதால் கத்தித்தான் பேசினார். பஸ் முழுக்கக் கேட்டது. முன் சீட்டில் இருந்த அம்மாள் எழுந்து போய் நின்றுகொண்டாள். கிழவர் அசையவில்லை. இறங்கும்வரை என் தோளில் இடித்துக்கொண்டேதான் வந்தார்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் அப்பா அந்த நோயில்தான் போனார். நோயின் பெயர் தெரிந்த அன்றே சோற்றைத் தள்ளிவிட்டார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் ஏன் மறைத்தார் என்று புரிந்தது. தட்டும் பாயும் ஏன் தனியாகப் போனது என்று புரிந்தது.  சாவு பயம் வந்தது. ஆனால் அவள் என்னை வெறுக்கவில்லை என்பதும் அதே நிமிஷத்தில் தெரிந்தது.

அவள் வீட்டுக்குள் நான் போகவில்லை. தெருவிலேயே நின்றேன். அவள் குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"யாரு சொன்னது? உங்கண்ணனா?"

"பஸ்ல ஒருத்தரு."

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "கொழந்த தலையில அடிச்சி சத்தியம் வாங்கிகினாரு உங்கண்ணன். தெரிஞ்சா நீ சோறு துன்ன மாட்டியாம். உங்கப்பா மாரி பூடுவியாம். நான் இன்னா பண்ணுவேன்?"

அவ்வளவு நாள் அவள் அதை எப்படி வாயில் அடக்கி வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

"சோறு கீதா?" என்று கேட்டேன்.

ஓடிப்போய் இலையில் போட்டுக்கொண்டு வந்தாள். தெருவோரம் உட்கார்ந்து, அவள் பார்க்க, ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.  

ஊசியைக் கடைசிவரை போட்டுக்கொண்டேன். குணமாகிவிட்டது. அண்ணன் மேல் கோபம் இல்லை. பாசத்தில்தான் மறைத்தார். ஆனால் தெரியாதவரை எனக்கு நோயும் இல்லை, மனைவியும் இல்லை. தெரிந்த பிறகு இரண்டும் இருந்தது. அந்தக் கிழவர் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம் என்று இன்றுவரை ஒரு தடவைகூட நான் நினைத்ததில்லை.