பெடல்மேல் இருந்த செங்கல்

சுருளிப்பட்டிப் பக்கம் படகு வைத்திருந்த ஒரே விவசாயி என் தாய்மாமாதான். பக்கத்திலேயே ஆறு ஓடியும் அவர் படகை ஆற்றில் விடவில்லை. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே தண்ணீர் தேக்க வெட்டிய பண்ணைக்குட்டையில் விட்டிருந்தார். கேரளாவில் யாரோ கழித்துப் போட்ட சின்னப் படகுவீடு அது. அதை லாரியில் ஏற்றி, குமுளி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு நிறுத்தி, கிளைகளை வெட்டி வழி பண்ணி இறக்கிக்கொண்டு வந்தார். அருவி பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் இதில் தங்குவார்கள் என்பது அவருடைய கனவு. "தண்ணி மேல படுத்துத் தூங்க யாருக்குத்தேன் கசக்கும்?" என்று கேட்பார். அம்மா தன் தம்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறை முழுக்க மாமா வீட்டில்தான் இருந்தேன், பகல் முழுக்கப் படகில்தான் கிடந்தேன். மல்லாந்து படுத்தால் தண்ணீரில் பட்ட வெயில் கூரையின் உள்பக்கம் நெளிந்துகொண்டே இருக்கும். படகை நான்கு தென்னைகளில் கட்டியிருந்த கயிறுகள் இறுகும், தளரும், மறுபடி இறுகும். பந்தலிலிருந்து பழுத்த திராட்சையின் வாசனை வரும். மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கண் சொக்கிப்போகும். அந்தப் படகு ஓரடிகூட நகர்ந்ததில்லை. ஆனால் நான் அதில் எங்கெங்கோ போய் வந்திருக்கிறேன்.

படகில் ஒரு கக்கூஸும் இருந்தது. காலால் பெடலை மிதித்தால் கோப்பைக்கு அடியில் ஒரு மூடி திறக்கும். எல்லாம் தரைக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் டேங்கில் போய் விழும். குட்டைத் தண்ணீர்தான் திராட்சைக்குப் பாய்கிறது, அதனால் டேங்கிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. நிறைந்தால் செப்டிக் டேங்க் வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். டேங்கிலிருந்து ஒரு குழாய் மட்டும் கூரைவரை ஏறி, ஓரத்தில் வாயைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். அது எதற்கு என்று கேட்டேன். "டேங்கும் மூச்சு விடணும்ல ஆத்தா" என்றார் மாமா.

அந்த வருடம் வீரபாண்டி அம்மன் திருவிழாவில் அத்தை தீச்சட்டி எடுத்தாள். மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. மாமாவுக்கு வேண்டுதல், சகுனம் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலோடு அத்தைக்குப் பின்னாலேயே நடந்தார், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "இம்புட்டுப் பேரு சட்டியில அந்த ஆத்தா யாரு சட்டி எதுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கும்?" என்றார். அத்தை அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. எனக்குக்கூட அவர்மேல் கோபம் வந்தது.

திருவிழா முடிந்த இரண்டாம் நாள், படகில் படுத்திருந்தபோது ஒரு குளவியைப் பார்த்தேன். வாயில் ஈரமண் உருண்டையைக் கவ்வி வந்து, அந்தக் காற்றுக்குழாயின் வாய்க்குள் நுழைந்தது. போனது, திரும்பவும் மண்ணோடு வந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

குளவி மண்ணெடுத்து வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். கூட்டைக் கலைத்தால் பாவம். இது எங்கள் பக்கத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"யார்ட்டயும் சொல்லிப்புடாத ஆத்தா. ஒங்க மாமாட்ட சொல்லவே சொல்லாத. அங்கன கம்பிய விட்டுக் குத்திப்புடுவாக."

சாமி மேல் சத்தியம் செய்தேன். அத்தை என்னை நம்பி ஒரு ரகசியத்தைக் கொடுத்துவிட்டாள் என்ற பெருமை எனக்குத் தாங்கவில்லை. நாலே நாளில் குழாயின் வாய் மண்ணால் முழுதாக மூடிக்கொண்டது. அத்தை தினமும் ஏதாவது சாக்கு வைத்துக் குட்டைக்கு வந்தாள், அண்ணாந்து பார்த்தாள், போனாள்.

இதற்கிடையே திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊருக்குப் போகிற வழியாக இல்லை. வீட்டில் நல்ல கக்கூஸ் இருந்தும் எல்லாரும் படகுக்கே வரிசை கட்டினார்கள். தண்ணீர் மேல் உட்கார்ந்து போய்விட்டு வந்தேன் என்று ஊரில் சொல்ல வேண்டாமா? குழாய் அடைத்த பிறகு ஒவ்வொருவராக முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பெடலை மிதித்தால் உள்ளே போவதற்குப் பதிலாக 'குபுக்'கென்று ஏப்பம் விட்டதாம். தேனியிலிருந்து வந்த பெரியப்பா, அது தன்மேல் தெறித்துவிட்டதாகச் சொல்லி இரண்டு தடவை குளித்தார்.

மாமா ஒரு சின்ன மோட்டார் முனகினால்கூட ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள். இதற்கு மட்டும், "படகுன்னா அப்பிடித்தேன் பெரியவுகளே, கடல்ல போறவுகளக் கேட்டுப் பாருங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமா இத்தனை விவரம் கெட்டவராக இருக்கிறாரே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மதுரையிலிருந்து முதல் விருந்தாளிகள் வருவதாக இருந்த அன்று காலையில் மாமா செப்டிக் டேங்க் வண்டியை வரச் சொல்லியிருந்தார். டேங்கைக் காலி செய்து, படகைக் கழுவிவிட்டுவிட வேண்டும். டிரைவர் தடித்த குழாயை இழுத்து வந்து டேங்கில் மாட்டினான். மாமா கக்கூஸுக்குள் போய் ஏதோ செய்துவிட்டு வெளியே வந்தார். "மெதுவா இழு, மெதுவா" என்று டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு வண்டிப் பக்கம் கரையேறினார்.

நான் படகில்தான் இருந்தேன். நாற்றம் குடலைப் புரட்டியது. உள்ளே எட்டிப் பார்த்தால், பெடல்மேல் ஒரு செங்கல் உட்கார்ந்திருக்கிறது. அடிமூடி ஆவென்று திறந்து கிடக்கிறது. விருந்தாளிகள் வருகிற நாளில் இதென்ன கவனக்குறைவு என்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு செங்கல்லை நகர்த்தினேன். மூடி 'டப்'பென்று மூடிக்கொண்டது. நல்ல பிள்ளையாக ஒரு வேலை செய்த திருப்தியோடு கரைக்கு வந்தேன்.

வண்டி உறுமியது. படகு ஒரு தரம் நடுங்கியது. கீழே 'டமார்' என்று ஒரு சத்தம். மூடிய வாயால் உறிஞ்சினால் கன்னம் ஒட்டிப்போவதைப் போல, காற்று உள்ளே நுழைய வழியில்லாத டேங்க் உள்பக்கமாக ஒடுங்கி, விரிசல் விட்டுக் கிழிந்துவிட்டது. இருந்ததெல்லாம் படகின் அடித்தளத்தில் ஓடிப் பரவியது. அங்கே ஒரு மோட்டார் உண்டு. அடியில் தண்ணீர் சேர்ந்தால் தானாகவே ஓடி, எல்லாவற்றையும் குட்டைக்குள் இறைத்துவிடும். குட்டையிலிருந்து திராட்சைக்கு. மாமா வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் கரையிலிருந்து போட்டிருந்த பலகையில் ஓடினார், படகின் தரைப்பலகையைப் பெயர்த்தார், கையை முழங்கை வரை உள்ளே விட்டு மோட்டார் வயரைப் பிடுங்கி எறிந்தார். குட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. மாமாவின் மேல்தான் விழாத இடமே இல்லை.

மிச்சத்தை வண்டி அடித்தளத்திலிருந்தே உறிஞ்சி எடுத்தது. டிரைவர் படகில் ஏறிச் சுற்றிச் சுற்றி வந்தான். கூரையை அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, காத்துக்குழா அடைச்சுருக்குண்ணே! குளவி கட்டிருக்கு. இதுனாலதேன் டேங்கு போச்சு." ஒரு கம்பியை எடுத்து ஓங்கினான்.

"ஏலே, தொடாதலே!"

கரையிலிருந்து கத்தியது அத்தை. அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. டிரைவர் கம்பியோடு அப்படியே நின்றான். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்பது அத்தைக்கும் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா கக்கூஸுக்குள்ளிருந்து வெளியே வந்தார். கையில் அந்தச் செங்கல் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் அதைச் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் விட்டார்.

"அதெல்லாம் இல்லப்பா. டேங்கு பழசு. வாங்கும்போதே ஓஞ்சு போயித்தேன் இருந்துச்சு" என்றார்.

பிறகு ரம்பத்தை எடுத்து, கூட்டுக்கு ஒரு முழம் கீழே குழாயை அறுத்தார். தூள் பறக்காமல், மெல்ல மெல்ல அறுத்தார். உடம்பெல்லாம் அந்த நாற்றத்தோடு, குழாய்த் துண்டைக் கூடு குலுங்காமல் ஏந்திக்கொண்டு வரப்பு வழியாக நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். கூரை தாழ்ந்து வரும் வீட்டு இறவாணத்தில் அதைக் கவிழ்த்து வைத்து, இரண்டு இடத்தில் கம்பியால் கட்டினார். அப்புறம்தான் குளிக்கப் போனார். விருந்தாளிகளுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

கொஞ்ச நாளில் குளவிக் குஞ்சுகள் மண்ணில் ஓட்டை போட்டுப் பறந்துவிட்டன. அத்தைக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்கு ஏழெட்டு வருடம் நடந்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். குழாய்த் துண்டு மட்டும் இறவாணத்திலேயே இருந்தது. வீட்டுக்கு இரண்டு தடவை வெள்ளையடித்தபோதும் மாமா அதைச் சுற்றித்தான் அடிக்கச் சொன்னார்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். அத்தை பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். பழைய கதைகளெல்லாம் பேசியபோது, பதினாறு வருடமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அத்தே, அன்னைக்கி டேங்கு ஒடஞ்சதுக்கு நாந்தேன் காரணம். பெடல்மேல இருந்த செங்கல்ல நாந்தேன் எடுத்தேன். மாமா பாத்துட்டாக. என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதேன் டேங்கு பழசுன்னு பொய் சொன்னாக."

"எந்தச் செங்கல்லு?"

"மூடி தெறந்திருக்கணும்னு மாமா வச்ச செங்கல்லு. குழா அடைச்சுருக்குல்ல, காத்து அந்த வழியாத்தேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அத்தை கையில் பணியாரக் கம்பியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, கூடு இருந்தது அவுகளுக்கு முன்னாடியே தெரியுமா?"

செங்கல்லை எடுத்தவள் நான் என்பதையே இத்தனை வருடமும் நினைத்துக் கிடந்தேன். கூட்டைக் கலைக்காமல் இருக்கத்தான் மாமா அதை வைத்தார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வெளியே மாமா யாரோடோ போனில் மோட்டாரைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, எழுந்து வாசலுக்குப் போனாள்.