லிஃப்ட் அக்காவின் இங்கிலீஷ்

ஒரு பெரிய ஹோட்டலில் என் அக்காதான் லிஃப்ட் ஓட்டுகிறாள். அது மக்கர் பண்ணினால் சரிசெய்பவன் நான். வெளிநாட்டுக்காரர்கள் ஏதாவது பேசினால் முன்பெல்லாம் பல்லைக் காட்டியே சமாளிப்பாள். "சிரிச்சே எத்தனை நாள்டா ஓட்டறது?" என்று ஒரு நாள் இங்கிலீஷ் படிக்க உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாளா? எங்கே! எதையும் செய்து பார்த்தால்தான் அவள் மண்டையில் ஏறும். ‘சிட் டவுன்’ என்று உட்காருவாள், ‘கெட் அப்’ என்று எழுவாள். ‘பிரீத் இன்’ என்று மூச்சை இழுத்து, ‘பிரீத் அவுட்’ என்று ஊதுவாள். மாமா சாப்பாட்டுத் தட்டோடு ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்.

"ஹேங் ஆன்னா தொங்கறது மட்டும் இல்லையாம்டா, கொஞ்சம் பொறுங்கன்னும் அர்த்தமாம். என்ன பாஷையோ!"

"லிஃப்ட்ல சொல்லிவைக்காதே தாயே, தொங்கிடப் போறாங்க" என்று வாருவேன்.

ஒரு மழை நாளில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரும் கைவிட்டது. மேலே கடைசி இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே கும்மிருட்டு. அக்காவும் ஒரு வெளிநாட்டு அம்மாளும் மட்டும். அக்காவோ வீட்டிலேயே விளக்கை அணைக்காமல் தூங்குகிறவள்!

உச்சியிலுள்ள மோட்டார் அறைக்கு ஓடி, கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இறக்க ஆரம்பித்தேன். கயிறு இறங்கும் துளை வழியே, கீழே அந்த அம்மாள் மூச்சுக்குத் திணறுவது கேட்டது. லிஃப்ட் போய்ச் சேர்வதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

அப்போதுதான் அக்காவின் குரல் வந்தது.

"மேடம், ஹேங் ஆன். மை பிரதர் கமிங். சிட் டவுன். பிரீத் இன்... பிரீத் அவுட்... டோன்ட் கிவ் அப், மேடம்."

குரலில் அவசரமே இல்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கொஞ்ச நேரத்தில் திணறல் அடங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விடுவது கேட்டது. அடேயப்பா, இது என் அக்காதானா!

ஒரு மாடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓடிக் கதவைத் திறந்தேன். அந்த அம்மாள் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா படியில் சரிந்து உட்கார்ந்தாள். கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"அசத்திட்டேக்கா! எப்படிக்கா அவங்களைத் தேத்துனே?"

"அவங்களுக்கு மட்டுமாடா சொன்னேன்? பாதி எனக்குடா."

கையை நீட்டி, "கெட் அப்க்கா" என்றேன்.

"ஹேங் ஆன்டா" என்றாள், மூச்சு வாங்க.

நீட்டிய கையை மடக்காமல் பக்கத்திலேயே நின்றேன்.