தனித் தலைப்பில் வந்த பத்தி

மழைக்காக ஜன்னல்களை மூடியிருந்த சாப்பாட்டு மண்டபத்தில் எங்கள் முதலாளியும் கணக்காய்வாளர் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பிற்பகல் எனக்கு மறக்கவில்லை. விருந்தினர் ஒருவரும் இல்லை. நடுவே கிடந்த வரைவு அறிக்கையை முதலாளி திரும்பவும் அந்த அம்மாவின் பக்கமே தள்ளிவிட்டார். ஹோட்டலின் கணக்காளராகிய நான் இருவருக்கும் பக்கத்தில் இருந்தேன். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

முதலாளியின் அப்பா கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர். அந்தக் கடையை விற்று, மலைச்சரிவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, அறை அறையாகக் கட்டி ஹோட்டலாக்கியவர் முதலாளி. முதலில் தொற்றுநோய்க் காலம் வந்து வாசலை மூடியது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. கணக்காய்வாளர் அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கணவரின் பல்கலைக்கழக வேலையோடு பேராதனைக்கு வந்து, இங்கேயே சிறியதாக ஓர் அலுவலகம் நடத்தினார். எங்கள் கணக்குகளை ஆண்டுதோறும் பார்த்தவர் அவர்தான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

பிரச்சினை ஒரே ஒரு பத்தி. இந்த நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பது நிச்சயமில்லை என்று அவர் எழுதியிருந்தார். முன்பு இப்படியான விஷயம் வேறு குறிப்புகளோடு ஒரு குறிப்பாகக் கடந்துபோகும். மாறிய கணக்காய்வு நியமங்களோ அதைத் தனித் தலைப்பிட்டு, யார் கண்ணிலும் படும்படி எழுதச் சொல்கின்றன.

"எழுத வேணாம்னு சொல்லல மேடம். முந்தி மாதிரி உள்ளுக்குள்ள எங்கயாச்சும் ஒரு வரி போட்டுடுங்க. பேங்க்ல இதப் பாத்தாங்கன்னா கடன உடனே கட்டச் சொல்லுவாங்க, எங்க கதை முடிஞ்சிரும்" என்றார் முதலாளி.

"நியமம் மாறிட்டுது ஐயா. மாறாட்டியும் இந்த முறை நான் எழுதித்தான் இருப்பன்."

"இங்க வேலை செய்யிறவங்கள நெனச்சுப் பாத்தீங்களா?"

"ஓம். அவையளை நினைச்சுத்தான் சொல்லுறன்."

முதலாளி எழுந்துவிட்டார். வேறு ஓடிட்டர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த அம்மா நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். குடை பிடித்து வாசல்வரை கூடவே போனேன். எனக்கும் கோபம்தான். பிரச்சினையை எழுதுகிறவர் ஒரு வழியையும் சொல்லக் கூடாதா என்று கேட்டேவிட்டேன்.

"நான் திட்டம் போட்டுத் தந்தா, பிறகு என்ர வேலையை நானே சரிபாக்கிற மாதிரி முடியும் பிள்ளை. கேள்விதான் கேக்கலாம்" என்றவர், முச்சக்கரவண்டி காத்து நிற்க, அந்த மழையிலேயே கேட்டார். "வாற வருஷம் சம்பளம் எங்கயிருந்து வரும்? வெளிநாட்டு ஆக்கள் வராட்டி அறையளுக்கு ஆர் வருவினம்? குண்டசாலைக் காணி ஏன் சும்மா கிடக்குது?"

குண்டசாலைக் காணி முதலாளியின் கனவு. இரண்டாவது ஹோட்டல் அங்கேதான் எழும்பும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதைப்பற்றி அவரிடம் வாய் திறக்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. மறுநாள் கேள்விகளை அப்படியே ஒப்புவித்தேன். கடைசிக் கேள்வி வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க என்னுடன் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் வந்து, "காணிய விக்க ஆள் பாருங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு நிற்கும் வெளியூர்க்காரர்களுக்குக் குறைந்த வாடகையில் அறைகளைத் திறந்தோம். சும்மா கிடந்த சமையலறையிலிருந்து அலுவலகங்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் போனது. வேறு ஓடிட்டர் என்ற பேச்சை முதலாளி மறுபடி எடுக்கவில்லை. இதையெல்லாம் திட்டமாக எழுதி அந்த அம்மாவிடமே கொடுத்தபோது அவர் பாராட்டவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டுக் குடைந்தெடுத்தார். அறிக்கையில் அந்தப் பத்தி தனித் தலைப்போடு வந்தேவிட்டது. ஆனால் நாங்கள் எடுக்கும் நடவடிக்கைகளும் அதற்குக் கீழேயே இருந்தன. வங்கி முகாமையாளர் அதை இரண்டு தரம் வாசித்தார். ஆபத்தையும் அதற்கான வழியையும் சேர்த்துக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் குறைவு என்று சிங்களத்தில் சொல்லி, கடனைக் கட்ட எங்களுக்குத் தவணை கொடுத்தார். கஷ்டம் உடனே தீரவில்லை. சில மாதங்கள் பாதிச் சம்பளம். நல்ல சமையற்காரர் ஒருவர் டுபாய்க்குப் போய்விட்டார். இருந்தும் வாசல் மூடவில்லை. பிறகொரு வருடம் அந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்று அந்த அம்மாவே சொன்னபோது, முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். அன்று அழுதது நான்தான். எத்தனையோ வீடுகளில் உலை கொதிப்பதற்கு அந்த அம்மாவின் பிடிவாதம்தான் காரணம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது அவர் அலுவலகத்தை மூடிவிட்டு யாழ்ப்பாணத்தில் தங்கையோடு இருக்கிறார். அண்மையில், விலையோடு சேர்த்து அறவிடும் வற் வரிக்குப் பதிவு செய்யவேண்டிய விற்பனை எல்லையை அரசாங்கம் குறைத்தது. எங்கள் விற்பனையும் அதைத் தாண்டிவிட்டது. ஆலோசகர் ஒருவர் வந்து, அறைகளைக் கம்பனி பெயரிலும் சாப்பாட்டுப் பகுதியை முதலாளியின் மனைவி பெயரிலும் பிரித்துக் காட்டினால் இரண்டும் எல்லைக்குக் கீழே நிற்கும், தப்பிவிடலாம் என்றார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நம்ம மேடம் வந்து, இந்தச் சாப்பாட்டுக் கடை யாருதுன்னு கேட்டா நான் என்ன மிஸ் சொல்றது?"

"அவங்கதான் இப்ப உங்க ஓடிட்டர் இல்லையே சேர்" என்று ஆலோசகர் சிரித்தார்.

"தெரியும். பதிவு பண்ணிருங்க."

அன்று மாலையே யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். உங்களால்தான் இதெல்லாம் என்றேன்.

"நல்லது பிள்ளை" என்றார். "அப்ப வரியோட பார்சல் விலை கூடுமெல்லோ? வாங்கிற ஆக்கள் நிப்பினமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற முதலாளி கையை நீட்டிப் போனை வாங்கினார். "வாங்க மேடம், இப்பக் கேளுங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.